வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிக் குளவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சன்ஷேடுக்கு அடியிலோ முருங்கைக் கிளையிலோ ஒரு கூடு கண்ணில் பட்டதும், அதை அன்றைக்கே ஒழித்துவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். எல்லாக் குளவியும் ஒன்றல்ல. சிலவற்றைத் தொடவே தேவையில்லை. சிலவற்றை நாமே கவனமாக அகற்றிவிடலாம். கதண்டை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் நாமாக நெருங்கக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாததால் தேவையற்ற பூச்சிக்கொல்லியும் செலவாகிறது, சில வேளைகளில் உயிரும் போகிறது. தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விடைகள் இவை.

எங்கள் வீட்டில் இருப்பது எந்தக் குளவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பூச்சியை விடக் கூட்டைப் பார்ப்பதே எளிது, பாதுகாப்பும் அதுதான். கூடு மண்ணால் ஆனதாக, சுவரிலோ ஜன்னல் மூலையிலோ அப்பியதுபோல் இருந்தால் அது மண் குளவி. வேட்டுவாளி என்றும் சொல்வார்கள். கூடு சாம்பல் நிறக் காகிதம்போல் இருந்து, அதன் அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்து வெளியே தெரிந்தால் அது காகிதக் குளவி. அறைகள் எதுவும் தெரியாமல், பழுப்பு நிற அலைவரிகளோடு பந்துபோல் மூடிய பெரிய கூடாக இருந்து, ஒரே வாசல் வழியாகப் பூச்சிகள் போய் வந்தால் அது கதண்டு. செய்தித்தாள்களில் "விஷ வண்டு" என்று எழுதப்படுவதும் பெரும்பாலும் இதுவே.

கதண்டு இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. கருமையான உடலில், வயிற்றின் முன்பகுதியில் அகலமான ஒரு மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை இருக்கும். நம் பகுதியில் காணப்படும் இரு வகைகளில் ஒன்று மரக்கிளையிலும் புதரிலும் பனை, தென்னை மட்டைகளின் இடையிலும் கூடு கட்டும். மற்றொன்று மரப்பொந்து, மண்ணிலுள்ள வளை, சுவர் இடுக்கு ஆகிய மறைவிடங்களை விரும்பும். ஆகவே தரையிலுள்ள ஓர் ஓட்டையிலிருந்து பெரிய குளவிகள் வந்து போவதைக் கண்டால், கூடு தெரியவில்லை என்பதற்காக அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

அது தேனீயாக இருந்தால்?

தேனீயின் உடலில் மென்மயிர் அடர்ந்திருக்கும், இடை அவ்வளவு மெலிந்திருக்காது. அடை மெழுகால் ஆனது. தேனடை என்று தெரிந்தால் மருந்து அடிக்க வேண்டாம். தேனெடுப்பவரையோ தேனீ வளர்ப்பவரையோ அழைத்தால், பெட்டியில் வாழும் வகையாக இருந்தால் குடும்பத்தோடு எடுத்துச் செல்வார். பெரிய மலைத்தேனீ அடையைப் பொறுத்தவரை கதண்டுக்குச் சொல்லப்படும் எச்சரிக்கை முழுவதும் பொருந்தும்.

ஜன்னலில் மண் கூடு கட்டியிருக்கிறது. இடித்துவிடலாமா?

இடிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. மண் குளவி தனித்து வாழ்வது. காக்க வேண்டிய கூட்டமோ ராணியோ அதற்குக் கிடையாது; ஆகவே கூட்டைக் காக்க மனிதரைத் துரத்திக் கொட்டும் பழக்கமும் அதற்கில்லை. கையில் பிடித்து நசுக்கினாலொழிய அது கொட்டுவது அரிது.

அதன் வேலையைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. குழாயடியிலோ தொட்டிச் செடியின் ஓரத்திலோ ஈரமண்ணை உருட்டி, ஒரு சிறு உருண்டையாகத் தாடையில் கவ்விக் கொண்டு வரும். அதை அறையின் விளிம்பில் வைத்து அழுத்தும்போது உடலை அதிரச் செய்து ரீங்காரம் எழுப்பும். அந்த அதிர்வில் மண் இளகிப் படிகிறது. அறை முடிந்ததும் சிலந்திகளையோ புழுக்களையோ கொட்டி, கொல்லாமல் செயலிழக்க மட்டும் வைத்து, உள்ளே அடுக்கி, முட்டையிட்டு, வாயை மண்ணால் அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்ந்து, குளவியாகி மண்ணைத் துளைத்துக் கொண்டு வெளியேறும். புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறது என்று நம் முன்னோர் நம்பியது, உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்ற இந்தக் காட்சியை வைத்துத்தான். சிலந்தி பிடிக்கும் இத்தகைய மண் குளவிகளில் ஒன்றுக்கு அறிவியல் பெயரே செலிஃப்ரான் மெட்ராஸ்படானம். 1781இல் ஃபேப்ரிசியஸ் சென்னையின் பழைய பெயரை அதற்கு இட்டார்.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று சொல்லிப் பல வீடுகளில் அதைக் கலைப்பதில்லை. நம்பிக்கை எதுவாயினும், கலைக்காமல் விடுவது சரியான முடிவே. சாவித் துவாரம், பிளக் பாயிண்ட், தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் ஆகியவற்றை மண்ணால் அடைத்துவிட்டால் மட்டும் ஒரு கம்பியால் சுரண்டி எடுத்துவிடலாம். மின் இணைப்புள்ள இடமாக இருந்தால் மெயினை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். கூட்டின் மேல் வட்டமான துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. அப்போது பட்டி பார்க்கும் தகட்டால் சுரண்டிவிட்டுச் சுவரைத் துடைத்தால் போதும்.

காகிதக் குளவிக் கூட்டை எப்போது அகற்ற வேண்டும், எப்போது விட்டுவிடலாம்?

இதற்கு ஒரே அளவுகோல், கூடு இருக்கும் இடம். மனிதர் நடமாடும் வழியிலோ, கை படும் இடத்திலோ, கதவு திறந்து மூடும்போது அதிரும் இடத்திலோ இருந்தால் அகற்ற வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடம், துணி உலர்த்தும் கொடி, மோட்டார் சுவிட்சுப் பெட்டி, மொட்டை மாடிப் படிக்கட்டின் கைப்பிடிக்கு அடிப்பகுதி ஆகியவை இதில் அடங்கும். குளவிக் கொட்டினால் முன்பு கடும் ஒவ்வாமை ஏற்பட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், கூடு எங்கே இருந்தாலும் அகற்றிவிடுவதே நல்லது. மற்றபடி, யாரும் போகாத வேலி மூலையிலோ, உயரமான மாமரக் கிளையிலோ உள்ள சிறு கூட்டை அப்படியே விட்டுவிடலாம்.

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் கூடு தானாக அழிந்துவிடும் என்று படிக்கும் குறிப்புகளை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். தென்னிந்தியாவில் மிகப் பரவலான ரோபலிடியா மார்ஜினாட்டா என்னும் காகிதக் குளவி ஆண்டு முழுவதும் கூடு கட்டவும் குஞ்சு பொரிக்கவும் செய்யும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இந்த இனத்தைத்தான். காத்திருந்தால் போய்விடும் என்பது இங்கே உறுதியில்லை.

அகற்றுவது என்று முடிவு செய்தால் எப்படிச் செய்வது?

கூடு உள்ளங்கை அளவுக்கு மிகாமல், தரையில் நின்றபடியே எட்டும் இடத்தில் இருந்தால் மட்டுமே நாமாகச் செய்யலாம். ஏணியில் நின்று குளவிக் கூட்டைத் தொடக் கூடாது. ஒரு குளவி முகத்துக்கு நேரே வந்தாலே கால் தடுமாறும். கொட்டியதை விட விழுந்ததே பெரிய காயமாகிவிடும்.

கூடு தொடங்கிய நிலையில், நாலைந்து அறைகளும் ஒன்றிரண்டு குளவிகளும் மட்டும் இருக்கும்போதே கவனித்துவிட்டால் வேலை மிக எளிது. அவை இரை தேடப் போயிருக்கும் நேரம் பார்த்து நீண்ட கம்பால் கூட்டைத் தட்டிவிட்டு, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். காகிதக் குளவியின் கூடு முழுவதும் ஒரு மெல்லிய காம்பில்தான் தொங்குகிறது. அந்தக் காம்பில் எறும்பு ஏறாதபடி ஒரு திரவத்தைக் குளவிகள் தம் வயிற்றால் பூசி வைக்கின்றன. ஆகவே எறும்பு வந்து கூட்டைக் காலி செய்துவிடும் என்று எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை.

வளர்ந்த கூடாக இருந்தால் இருட்டிய பிறகு, எல்லாக் குளவிகளும் கூடு திரும்பி அடங்கியிருக்கும்போது செய்ய வேண்டும். முழுக்கை சட்டை, கனமான பேன்ட், ஷூ, கையுறை, தொப்பி, கண்ணாடி ஆகியவற்றை அணிந்து, கழுத்தையும் காதையும் துண்டால் மூடிக்கொள்ள வேண்டும். பேன்ட்டின் கால்முனையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது அவசியம். பின்வாங்கும் வழியை முன்கூட்டியே பார்த்து, அதில் கிடக்கும் வாளி, செருப்பு, சைக்கிள் ஆகியவற்றை ஒதுக்கிவைத்துவிடுங்கள். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தள்ளி ஓரிடத்தில் வையுங்கள், ஏனெனில் கலைந்த குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டுவது இன்னும் நல்லது. சிவப்பு ஒளி குளவிகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை.

மருந்தாகச் சோப்பு நீரே போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று தேக்கரண்டி கலந்து, செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் ஊற்றி, தூரத்திலிருந்தே கூடு முழுவதும் நனையும்படி பீய்ச்ச வேண்டும். பூச்சிகள் உடலின் பக்கவாட்டிலுள்ள நுண்துளைகள் வழியாக மூச்சுவிடுபவை; வெறும் தண்ணீர் அவற்றின் மெழுகுப் பூச்சில் வழிந்துவிடும், சோப்பு நீரோ துளைக்குள் புகுந்து அடைத்துவிடும். நனையாத குளவி பறந்துவிடுமாதலால் முதல் வீச்சிலேயே தாராளமாக அடித்துவிட்டு, உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். விடிந்த பிறகு பார்த்து, குளவி இல்லை என்று உறுதியானதும் கூட்டைச் சுரண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்தலாம். மின் மீட்டர் பெட்டி, ஏசியின் வெளிப்பெட்டி, சுவிட்சு ஆகியவற்றில் சோப்பு நீர் கூடவே கூடாது.

கடையில் விற்கும் பூச்சி ஸ்பிரே பயன்படுமா?

பறக்கும் பூச்சிகளுக்கென்று விற்கப்படும் பைரித்ராய்டு வகை ஸ்பிரே சிறு கூட்டுக்குப் பயன்படும். ஆனால் அதன் வீச்சு குறைவு என்பதால் கூட்டுக்கு மிக அருகே போக வேண்டியிருக்கும். இவ்வகை மருந்து மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கொடிய நஞ்சு, பூனைக்கும் ஆகாது. மீன் தொட்டியை மூடிவிட்டு, அதன் காற்று மோட்டாரையும் நிறுத்திவிட்டு அடியுங்கள். பூத்திருக்கும் செடிகளின் மேல் அடிக்கவே வேண்டாம். ஸ்பிரேயில் எரிவாயு இருப்பதால் பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

உரக்கடையில் முன்பு குளவிக்கென்று கேட்டு வாங்கிய நுவான், அதாவது டைக்குளோர்வாஸ், இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி பரணில் இருந்தாலும் அதை எடுக்க வேண்டாம். அது மனித நரம்பு மண்டலத்தையே தாக்கும் நஞ்சு.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது நம் ஊர் வழக்கம்தானே?

வழக்கம்தான். ஆனால் வீட்டைச் சுற்றி அதைச் செய்யக் கூடாது. எரியும் கூட்டின் துண்டுகள் கூரையிலும் வைக்கோலிலும் விழுகின்றன. தப்பிய குளவிகள் சிதறி அடுத்த வீட்டாரைக் கொட்டுகின்றன. மண் வளைக்குள் பெட்ரோல் ஊற்றுவது நிலத்தையும் கிணற்று நீரையும் கெடுக்கும். தீயணைப்புத் துறையினர் தீப்பந்தம் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் தண்ணீரும் ஆட்களும் பயிற்சியும் கூடவே இருக்கின்றன.

கதண்டுக் கூட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்?

விலகி வந்து, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். கதண்டு, விஷ வண்டுக் கூடுகளை அழிப்பது அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. கூடு எந்த மரத்தில், ஏறக்குறைய எவ்வளவு உயரத்தில், அருகே மின்கம்பி உண்டா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாலை அல்லது இரவில்தான் வருவார்கள். அதுவே சரியான நேரம்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது, பிறரை அப்பக்கம் போகாமல் தடுப்பது. பள்ளிப் பிள்ளைகள் செல்லும் பாதையானால் கயிறு கட்டி மறிக்க வேண்டும். ஆடு மாடுகளை அம்மரத்தில் கட்டக் கூடாது. தேங்காய் பறிக்கவோ மட்டை வெட்டவோ ஆள் வந்தால், ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். நூறு நாள் வேலையில் புதர் வெட்டும் பெண்களும், பனையேறுபவரும், இறுதி ஊர்வலத்தில் வெடி வெடிக்கும்போது கூடச் செல்பவர்களும் கதண்டுக்கு இலக்காவது திரும்பத் திரும்பச் செய்தியாக வருகிறது. அதிர்வும் புகையும் வெடிச் சத்தமும் கூட்டைக் கலைக்கப் போதுமானவை. கல்லெறிந்து பார்ப்பது, அதுவும் பிள்ளைகள் செய்வது, எத்தனையோ பேரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது; உங்கள் தெருப் பிள்ளைகளிடம் இதை நீங்களே சொல்லுங்கள்.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாவது தீராத துயரமாகவே இருக்கிறது. செடி வரிசையில் இறங்கும் முன் மலையைப் பார்வையிட்டுக் கூடுகளை அடையாளமிடுவது அங்கே தொழில் பாதுகாப்பின் பகுதியாக வேண்டும். அங்கே அவசர ஆம்புலன்ஸ் எண் 1990.

கூட்டம் துரத்தினால்?

ஓட வேண்டும். ஒன்றிரண்டு குளவிகள் சுற்றும்போது கை வீசாமல் மெல்ல விலகுவது சரி; கொட்டத் தொடங்கிவிட்டால் அசையாமல் நிற்பது தவறு. முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடியபடி, மூடிய அறை அல்லது வாகனம் நோக்கி நேராக ஓடுங்கள். குளவியை அடித்து நசுக்கினால் வெளிப்படும் வாசனை மற்றவற்றையும் அழைத்து வரும். குளத்திலோ கிணற்றிலோ குதிக்க வேண்டாம். தலை எடுக்கும்போது அவை மேலே காத்திருக்கும், நீச்சல் தெரியாதவருக்கு அது வேறோர் ஆபத்து.

குளவி கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது?

தேனீயைப்போல் குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. ஒரே குளவி பலமுறை கொட்டும். ஆகவே அவ்விடத்தை விட்டு முதலில் வெளியேற வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கையில் கொட்டியிருந்தால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றிவிட வேண்டும்; வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க நேரும். வலிக்குப் பாராசிட்டமாலும், அரிப்புக்குச் செட்டிரிசினும் போதும். மறுநாள் வீக்கம் இன்னும் பெரிதாவது பெரும்பாலும் இயல்பே.

சுண்ணாம்பு தடவுவது பழைய கைவைத்தியம். குளவி நஞ்சு உள்ளே செலுத்தப்படுவது. தோலின் மேல் தடவுவது அதைச் சென்று சேர்வதில்லை. கண்ணருகே சுண்ணாம்பு பட்டால் பார்வைக்கே கேடு.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும், உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் 108ஐ உடனே அழையுங்கள். இது கடும் ஒவ்வாமை. இதற்கு முதல் மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை இதற்கு ஈடாகாது. மயக்கம் வருபவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும்.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், பத்து இருபது இடங்களில் கொட்டினாலும், ஒவ்வாமை அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனை செல்ல வேண்டும். நஞ்சு அளவு மிகுந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் பழுதாகும். கதண்டு பல இடங்களில் கொட்டியவர் முதல் நாள் நன்றாக இருந்து, பிறகு சிறுநீர் குறைந்தோ காப்பி நிறத்திலோ போகத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டிலேயே வைத்திருந்ததால் காலம் கடந்துவிடும் நிலை இதில்தான் ஏற்படுகிறது.

மீண்டும் கூடு கட்டாமல் தடுப்பது எப்படி?

வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி அண்ணாந்து பார்த்து நடப்பதே மிகச் சிறந்த தடுப்பு. சன்ஷேடின் அடி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, டிஷ் ஆன்டெனாவின் பின்பக்கம், ஏசியின் வெளிப்பெட்டி, பயன்படுத்தாமல் கவிழ்த்து வைத்த பூந்தொட்டிகள், மாடியில் அடுக்கிய பழைய மரச்சாமான்கள் ஆகியவற்றைத் தவறாமல் பார்க்க வேண்டும். சுவர் விரிசல்களைச் சிமென்டாலும், சிறு துவாரங்களைச் சிலிக்கானாலும் அடைக்கலாம். காற்று வேண்டிய திறப்புகளுக்குக் கொசுவலை அடிக்கலாம். உதிர்ந்து அழுகும் மாம்பழம், கொய்யா, திறந்து கிடக்கும் இனிப்பு, மூடாத குப்பைத் தொட்டி ஆகியவை வளர்ந்த குளவிகளை ஈர்க்கும். அவற்றுக்கு உணவு இனிப்புச் சாறுதான். பிடிக்கும் புழுக்கள் குஞ்சுகளுக்கு.

சர்க்கரைத் தண்ணீர்ப் பொறி, போலிக் கூடு, புதினா எண்ணெய் ஆகியவை பலன் தருமா?

பொறியில் சில குளவிகள் விழும், கூடு அப்படியே இருக்கும். தேனீக்களும் சேர்ந்து சாகும். மற்ற இரண்டையும் நம்பியிருக்க வேண்டாம்.

குளவியால் தோட்டத்துக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

மிகப் பெரிய நன்மை உண்டு. காகிதக் குளவிகள் கத்தரி, வெண்டை, முட்டைகோஸ் செடிகளில் புழுக்களைத் தேடிப் பிடித்து, மென்று, குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவிகளோ வேளாண்மையையே தாங்குகின்றன. கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு எதிராக உழவர்கள் கட்டும் முட்டை ஒட்டுண்ணி அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா என்னும் குளவிதான். 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் அழித்தது. அடித்த மருந்துகள் எதற்கும் அது அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவியை வயல்களில் விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. பின்னர் மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்கும் 2022இல் சேலம் பகுதியில் இன்னொரு குளவியே தீர்வாக விடப்பட்டது. தோட்டம் முழுவதும் "குளவி மருந்து" அடிப்பவர் இந்தக் காவலையும் சேர்த்தே அழிக்கிறார். அடுத்த மாதம் புழுவுக்கு மருந்து தேடி அலைவதும் அவரேதான்.

கதண்டு தேனீப்பெட்டியைத் தாக்குகிறது. என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்போர் நன்கறிந்த தொல்லை இது. கதண்டு பெட்டி வாசலில் மிதந்தபடி நின்று, திரும்பும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துச் செல்லும். வாசலைத் தேனீ மட்டும் நுழையும் அளவுக்குச் சிறிதாக்குங்கள். ஒன்றிரண்டாக வரும்போதே கொசு பேட்டால் வீழ்த்திவிடலாம், ஆனால் கூடு மிக அருகில் இல்லை என்பது உறுதியான பிறகே. அது பறந்து போகும் திசையைக் கவனித்தால் கூடு இருக்கும் இடம் தெரியவரும். தெரிந்ததும் தீயணைப்புத் துறையிடம் சொல்லிவிடுங்கள்.

மரத்தில் காலிக் கூடு தொங்குகிறது. அதை எடுக்கலாமா?

காலியாக இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். நல்ல வெயிலடிக்கும் முற்பகலில், தொலைவில் நின்று அரை மணி நேரம் வாசலைப் பாருங்கள். ஒரு பூச்சியும் போய் வராவிட்டால் மறுநாளும் அதேபோல் பாருங்கள். இரண்டு நாளும் அசைவு இல்லையென்றால் கதண்டு விட்டுப் போய்விட்டது; அதே கூட்டுக்கு அது திரும்பிக் குடியேறுவதில்லை. மழையில் தானாகக் கரைந்துவிடும் என்பதால் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வழிப்போக்கர் பயப்படுகிறார்கள் என்றால் மட்டும் நீண்ட தொரட்டியால் இழுத்து விடலாம். ஒரே ஒரு குளவி தென்பட்டாலும் தொரட்டியைக் கீழே வைத்துவிட்டு 101ஐ அழையுங்கள்.